'சின்ன வேலைதானே!'

கேள்வி: ஆறு பேர் உள்ள மென்பொருள் குழுவுக்கு நான்கு மாதமாக நான்தான் டீம் லீட். ரிலீஸுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. கிளையன்ட் இரண்டு நாளைக்கு ஒருமுறை எதையாவது மாற்றச் சொல்கிறார். சின்ன வேலைதானே என்று நானும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லோரும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பெண் வேலையை விடப்போவதாகச் சொல்கிறாள். மேனேஜரோ, "இரண்டு பேர் கூடுதலாகத் தருகிறேன், தேதி மாறக்கூடாது" என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாமே, ஒரு வாசகி

பதில்: அது சின்ன வேலை என்று உங்களுக்கு யார் சொன்னது? கோட் எழுதுகிறவரா, கேட்டவரா? படிவத்தில் ஒரு கட்டம் சேர்ப்பது காதுக்குச் சின்னதுதான். டேட்டாபேஸில் அதற்கு இடம் வேண்டும், பழைய பதிவுகளில் அங்கே என்ன போடுவது என்று முடிவெடுக்க வேண்டும், ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டும், முடித்துவைத்த டெஸ்டிங்கை மறுபடி ஓட்ட வேண்டும்.

கிளையன்ட் மேல் எனக்குக் கோபமில்லை. திரையில் பார்த்த பிறகுதான் தனக்கு என்ன வேண்டும் என்பதே பலருக்குப் புரியும். 2001ல் 17 பேர் கூடி எழுதிய அஜைல் (மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறை) அறிக்கையின் கொள்கைகளில் ஒன்று, கடைசிக் கட்டத்தில் வரும் மாற்றத்தையும் வரவேற்கச் சொல்கிறது. வரவேற்கலாம், இலவசமாகத் தர வேண்டியதில்லை. இப்போது கேட்பவருக்குச் செலவே இல்லை. மொத்தச் செலவும் பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் தலையில்.

எனவே போனில் 'சரி' சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். "பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்" போதும். வேலையைச் செய்யப்போகிறவரிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். பிறகு கிளையன்ட்டுக்கு மெயில்: "இதற்கு மூன்று நாள். இதைச் சேர்த்தால் மாத ரிப்போர்ட் இந்த ரிலீஸில் வராது. எது வேண்டும்?" முடிவை அவரே எடுக்கட்டும். "அப்படியானால் இது அடுத்த ரிலீஸில் வரட்டும்" என்ற பதில் நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி வரும். உங்கள் ஆட்களிடம் அவர் நேரடியாகக் கேட்டாலும், அது உங்கள் வழியாகவே வர வேண்டும்.

மேனேஜர் தரும் இரண்டு பேர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகும் மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று 1975லேயே எழுதிவிட்டார். ஆறு பேருக்குள் ஒருவரோடொருவர் பேச 15 இணைப்புகள். எட்டுப் பேர் என்றால் 28. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் கெட்டிக்காரர்கள்தான் தங்கள் வேலையை விட்டு எழுந்து போவார்கள். இந்த மென்பொருளை ஏற்கெனவே அறிந்த ஒருவர் டெஸ்டிங்குக்குக் கிடைத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி நகராது என்றால் பட்டியல்தான் சுருங்க வேண்டும். மீதி வேலைகளை இந்த வாரமே மேனேஜர் முன் வைத்து, எவை இல்லாமல் ரிலீஸே செய்ய முடியாது என்று பிரித்துவிடுங்கள். நான் லீடாக இருந்தபோது, தேதி தவறும் என்று மூன்று வாரம் முன்பே தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கடைசி வாரம் சொன்னேன். தாமதத்தைக்கூட மன்னித்தார்கள், மறைத்ததை மன்னிக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பு, அந்தப் பெண். "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த முடிவுக்கே வந்திருப்பார். நீங்கள் 'சரி' சொன்னதால் அவர் மேல் விழுந்த மாற்றங்களில் இரண்டையாவது திரும்ப எடுங்கள். கிளையன்ட்டிடம் அதை நீங்களே சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.