ஒரு நாட்டின் சினிமாவை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு நாடு என்று உலகப் படங்களைத் திரையிட்டுப் பேசப்போகிறோம். அறிமுகம் செய்வது என் பொறுப்பு. அந்தந்த நாட்டின் அரசியலும் தொழில்நுட்பமும் படங்களை எப்படி மாற்றின என்று சொல்ல ஆசை. ஆனால் எழுதிப் பார்த்தால் வரலாற்றுப் பாடமாகவே வந்து நிற்கிறது. படத்திலேயே அதைக் காட்ட வழி உண்டா? எந்த நாட்டிலிருந்து தொடங்கலாம்?

பதில்: வழி உண்டு. முதல் வேலையாக அறிமுக உரையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். போர், புரட்சி, ஆட்சி மாற்றம் என்று ஆண்டு வரிசையில் சொல்லத் தொடங்கினால், வந்தவர்கள் படத்தை அந்த வரலாற்றுக்குச் சாட்சியாகத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பதில் எந்த நாட்டுப் படமானாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடி வைத்துக்கொள்ளுங்கள். பணம் யாருடையது? எடுக்கவும் காட்டவும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது? கேமரா, பிலிம் சுருள், ஒலிப்பதிவு, திரையரங்கு இவற்றில் எது கைக்கு எட்டியது, எது எட்டவில்லை? இந்த மூன்றுக்குமான தடம் பெரும்பாலும் திரையிலேயே கிடைக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

இத்தாலியிலிருந்து தொடங்குங்கள். படம், ராபர்ட்டோ ரோஸலினியின் 'ரோம், திறந்த நகரம்'. ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்து ரோம் விடுபட்டது 1944 ஜூனில். அடுத்த ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியபோது வட இத்தாலி இன்னும் அவர்கள் வசம்தான் இருந்தது. முசோலினி ஆட்சி 1937-இல் திறந்துவைத்த சினிசிட்டா ஸ்டூடியோ அகதிகள் முகாமாகிவிட்டது. பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் கேமரா தெருவுக்கு வந்தது என்று எல்லாப் பாடநூல்களும் சொல்லும். அது பாதிக் கதைதான். முக்கியமான உள்ளரங்கக் காட்சிகளை நகரத்துக்குள்ளேயே ஒரு கூடத்தில் செட் போட்டு எடுத்திருக்கிறார்கள். தெருவை மட்டும் பார்க்கச் சொன்னால் இன்னொரு பெரிய விஷயம் கைநழுவிப் போகும். அது ஒலி.

அன்னா மன்யானி நடித்த பீனா, தான் மணக்கவிருந்தவனை ஏற்றிச் செல்லும் லாரியின் பின்னால் அவன் பெயரைக் கூவிக்கொண்டே ஓடுகிறாள். அந்தக் கூவல் அந்தத் தெருவில் பதிவானதில்லை. காட்சிகளை ஒலியில்லாமல் எடுத்துவிட்டு, குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்த்தார்கள். ஒலிப்பதிவுக் கருவிகளை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தால் அந்தத் தெருவில் அவ்வளவு சுதந்திரமாகக் கேமராவை வைத்திருக்க முடியாது.

இதில் அரசியல் எங்கே வருகிறது? டப்பிங்கை இத்தாலியில் அவ்வளவு பெரிய தொழிலாக வளர்த்துவிட்டதே பாசிச அரசுதான். வேற்று மொழி வசனத்தோடு பேசும்படங்களைக் காட்டக்கூடாது என்று 1930-இல் தடை வந்தது. டப்பிங்கையும் இத்தாலிக்குள்ளேயேதான் செய்ய வேண்டும் என்று 1933-இல் விதித்தார்கள். ஒரே நாடு, ஒரே மொழி என்ற வெறிக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதன் பயனாகத் தேர்ந்த டப்பிங் கலைஞர்களும் கூடங்களும் பெருகின. பேசும்படத்துக்குக் குரலைப் பிறகு சேர்ப்பது அங்கே இயல்பான வழக்கமாகிப்போனது. அதே வசதியைக் கொண்டுதான் பாசிசத்தை எதிர்த்துச் செத்தவர்களின் கதை படமானது. எந்த அறிமுக உரையிலும் நான் விடாமல் சொல்லும் செய்தி இதுதான். ஆட்சி ஒரு கருவியை ஒரு நோக்கத்துக்காக வளர்க்கலாம். அடுத்து அதைக் கையில் எடுப்பவர் யார் என்பது அந்த ஆட்சியின் கையில் இல்லை.

இதைக் காட்டுவது எளிது. படம் முடிந்ததும் அந்தக் காட்சியை மறுபடி இரண்டு தடவை போடுங்கள். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு, ஒருமுறை எல்லோரையும் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லி. மிச்சத்தை அவர்களே பேசுவார்கள்.

எளிய மக்களின் வாழ்வைத் தெருவில் இறங்கிப் படமாக்கிய இந்த இத்தாலிய அலைக்கு நியோரியலிசம் என்று பெயர். அது ஏன் ஓய்ந்தது என்று யாராவது கேட்டால் 1949-இல் வந்த சட்டத்தைச் சொல்லுங்கள். ஹாலிவுட் படங்களின் வரத்தைக் கட்டுப்படுத்தி உள்ளூர்ப் படங்களுக்குக் கடன் தந்தது அந்தச் சட்டம். ஆனால் கடன் வேண்டுமானால் திரைக்கதையை அரசுக் குழு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டுக்கு அவப்பெயர் தருவதாகக் கருதும் படத்துக்கு ஏற்றுமதி அனுமதியை மறுக்கவும் செய்யலாம். காப்பாற்றியதும் கட்டிப்போட்டதும் ஒரே சட்டம்.

இரண்டாவது மாதம் ஈரானுக்குப் போங்கள். ஈரானியப் படங்களில் ஏன் இத்தனை குழந்தைகள், ஏன் இத்தனை கார்ப் பயணங்கள் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். தணிக்கை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு முதல் காரணம் பணம். சிறுவர், இளைஞரின் அறிவு வளர்ச்சிக்கென்று 'கானூன்' என்ற அமைப்பு 1965-இல், மன்னராட்சிக் காலத்திலேயே தொடங்கப்பட்டது. அதன் திரைப்படப் பிரிவில்தான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி தொழில் பழகினார். 1979 புரட்சிக்குப் பிறகும் அந்த அமைப்பு நிலைத்தது. தணிக்கை வந்து சேர்ந்தது இந்த அடித்தளத்தின் மேல்தான். ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளக் கூடாது. பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும், கதையில் தன் வீட்டுக்குள் தனியாக இருந்தாலும்கூட. தன் வீட்டில் முக்காட்டோடு தூங்கும் ஒரு பெண்ணை நம்பும்படி எப்படிக் காட்டுவது? அந்தப் பொய்க்கு உடன்படாத இயக்குநர்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கும் மலைப்பாதைக்கும் காருக்கும் வந்தார்கள். காருக்குள் மனம்விட்டுப் பேசலாம். கண்ணாடிக்கு வெளியே ஊர் இருப்பதால் முக்காடும் உறுத்தாது.

இந்த இடத்தில் தொழில்நுட்பம் நுழைகிறது. 2002-இல் வந்த கியாரோஸ்தமியின் 'பத்து' முழுக்க ஒரு காருக்குள் நடக்கிறது. முன்பக்கம் பொருத்திய இரண்டு சிறிய டிஜிட்டல் கேமராக்கள், ஒன்று ஓட்டுகிற பெண்ணைப் பார்த்து, மற்றது பக்கத்து இருக்கையைப் பார்த்து. ஒரு காட்சியில், காதல் கைகூடாத பெண் ஒருத்தியின் முக்காடு மெல்ல விலகுகிறது; உள்ளே மொட்டைத் தலை. முடியைக் காட்டக்கூடாது என்பது விதி. இவள் தலையில் காட்டுவதற்கு முடியே இல்லை. பெரிய கேமராவும் விளக்குகளும் பத்து தொழில்நுட்பக் கலைஞர்களும் சூழ நின்றிருந்தால் அந்த முகம் அப்படி அழுதிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதன் நீட்சியாக ஜாஃபர் பனாஹியின் 'டாக்ஸி'யையும் பார்க்கலாம். 2010-இல் அவருக்குச் சிறைத் தண்டனையோடு 20 ஆண்டு படமெடுக்கத் தடையும் விதித்தார்கள். அவர் காரில் சிறிய கேமராக்களைப் பொருத்தி, தானே ஓட்டுநராக அமர்ந்து எடுத்த இந்தப் படம் 2015-இல் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றது. அதில் ஒரு சிறுமி, திரையிடத் தகுந்த படத்துக்கான விதிகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள். நல்லவர்கள் டை கட்டக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. படம் முடிந்ததும் யாரையும் எழவிடாதீர்கள். நடித்தவர், உழைத்தவர் பெயர்கள் எதுவும் வராது. அனுமதி பெற்ற படங்களுக்குத்தான் அந்தப் பட்டியலுக்கும் ஒப்புதல் உண்டு என்பதை அதன் கடைசி எழுத்துகள் சொல்லும். அரசியல் ஒரு படத்தில் எங்கே இருக்கிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படங்களைக் கொண்டாடும் வேகத்தில், தடை இருந்தால்தான் நல்ல கலை பிறக்கும் என்று யாராவது சொல்வார்கள். அதை மறுக்கத் தயாராக இருங்கள். தடையைத் தாண்டி வந்த சில படங்களைத்தான் நாம் பார்க்கிறோம். எடுக்கவே முடியாமல் போனவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரேசிலில் 1990-இல் புதிதாக வந்த அதிபர், படங்களுக்குப் பணம் போட்டுவந்த அரசு நிறுவனமான எம்பிராஃபில்மேயை மூடினார். உடனே படத் தயாரிப்பு விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சரிந்தது. 1993-இல் வரிச் சலுகைச் சட்டம் வந்தபிறகே மெல்ல எழுந்தது. வறுமை அங்கே புதிய அழகியல் எதையும் தந்துவிடவில்லை.

தென்கொரியாவின் அரசியலைத் திரையில் தேடினால் சிரமப்படுவீர்கள். அது திரையரங்கின் நாட்காட்டியில் இருந்தது. உள்நாட்டுப் படங்களை இத்தனை நாள் ஓட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் 1966-லிருந்து உண்டு. ஆண்டுக்கு 146 நாள் என்று நெடுங்காலம் இருந்ததை, அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு தொடங்கிய 2006-இல் 73 ஆகக் குறைத்தபோது நடிகர்களே தெருவில் நின்று போராடினார்கள். ஆனால் இராணுவ ஆட்சிக் காலத்தில் அந்த ஒதுக்கீடு தானாகத் தரமான படங்களைத் தந்துவிடவில்லை. வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமம் கிடைக்கும் என்பதற்காகவே பலர் அவசரப் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். முன்தணிக்கை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 1996-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒதுக்கீடும் இந்தத் தீர்ப்பும் சேர்ந்த பிறகு வந்த படங்களைத் திரையிடுங்கள். முடிந்தால் அதற்கு முந்தைய ஒன்றையும்.

பிரான்ஸுக்கு ஒரு தகவல் போதும். 1948-லிருந்து ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் ஒரு பங்கு படத் தயாரிப்பு நிதிக்குப் போகிறது. ஹாலிவுட் படம் நன்றாக ஓடினால் அந்தக் காசும் பிரெஞ்சுப் படத்துக்கு உதவும். இப்போது ஸ்ட்ரீமிங் நிறுவனங்களும் அங்கே சம்பாதிப்பதில் ஒரு பகுதியை உள்ளூர்த் தயாரிப்பில் போட வேண்டும் என்று 2021-இல் விதி வந்திருக்கிறது. தேசிய சினிமாவுக்கு இனி என்ன பொருள் என்ற விவாதத்தை அந்த மாதத்துக்கு ஒதுக்குங்கள்.

நைஜீரியாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாணய மதிப்பு சரிந்து, வெளிநாட்டு லேபில் பிலிமைக் கழுவும் செலவு கட்டுப்படியாகாமல் போய், இரவில் திரையரங்குக்குப் போக மக்கள் அஞ்சிய காலத்தில், 1992-இல் நேராக வி.எச்.எஸ். கேசட்டில் வெளியான 'லிவிங் இன் பாண்டேஜ்' என்ற இக்போ மொழிப் படத்தோடு ஒரு பெரிய தொழிலே எழுந்தது. அரசு பணம் தரவில்லை, திரைவிழாக்களும் கண்டுகொள்ளவில்லை. சந்தையில் கேசட் வாங்கியவர்கள் வளர்த்த சினிமா அது. ஈரானியப் படங்களில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் விழாக்கள் தேர்ந்தெடுத்துத் தந்தவை. சொந்த நாட்டு மக்கள் கூட்டமாகப் பார்த்தவை வேறாக இருக்கலாம். நைஜீரியாவை ஈரானுக்கு அடுத்த மாதமே வைத்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, படத்தின் எந்தப் பிரதியை எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். ஆங்கில டப்பிங் பிரதி வேண்டாம். மூலமொழிக் குரலும் வசனவரிகளும் இருக்கட்டும். இத்தாலியப் படத்தில் உதடும் குரலும் சற்றுப் பிசகினால் பிரதி கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், அது எடுத்த முறையே அப்படி.