மிட்மார் ஏரிக்கரையில் புகுந்த வீட்டாரோடு விடுமுறை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் தமிழ்நாட்டில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். ஹோவிக் ஊருக்குப் பக்கத்தில், உம்கேனி ஆற்றின் குறுக்கே கட்டிய மிட்மார் அணைதான் எங்கள் வீட்டார் விடுமுறைக்குக் கூடும் இடம். அணை என்று பெயர், பார்க்க பெரிய ஏரி. அங்கே போவதைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு புதுமணப் பெண்: அக்கா, டிசம்பரில் முதல் முறையாகக் கணவர் வீட்டுக்கு வருகிறேன். "ஏரிக்கரையில் ஓய்வாக இருப்போம்" என்கிறார். ஆனால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, பிள்ளைகள் என்று முப்பது பேருக்கு மேல் வருவார்களாம். இதில் ஓய்வு எங்கே?

கூட்டமாகப் போவதுதான் இவர்களுக்கு ஓய்வு, தங்கச்சி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1953-இல் வந்த ஒரு சட்டம் கடற்கரை, பூங்கா, பேருந்து எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்து வைத்தது. அது நீங்கியது 1990-இல்தான். உன் மாமியார் சிறுமியாக இருந்தபோது, நல்ல இடங்களில் "உங்களுக்கு இல்லை" என்று பலகை தொங்கியது. இன்று பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு வந்து, விரும்பிய மரத்தடியில் பாய் விரித்து உட்காருவது அவருக்குச் சாதாரண சுற்றுலா இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தச் சத்தம் உன்னை அவ்வளவாக அலுக்க வைக்காது.

அப்புறம் நடைமுறைக்கு வருவோம். கிளம்புவதற்கு முன்பே கணவரிடம் சொல்லி, குடும்பப் புகைப்படம் ஒன்றை வைத்து யார் யார் என்று கேட்டுக்கொள். போனதும் ஒரே ஒரு வேலையை உன்னுடையது என்று எடுத்துக்கொள்: காலை டீ அல்லது ரொட்டி தேய்ப்பது. அதை முடித்துவிட்டு உட்கார்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எல்லா வேலைக்கும் எழுந்து ஓடினால் மூன்றாம் நாள் படுத்துவிடுவாய். விடியற்காலையில் எல்லோரும் தூங்கும் நேரம் உனக்கு. தண்ணீர் ஓரமாகக் கணவரோடு நடந்துவிட்டு வா. காப்பகப் பகுதியில் வரிக்குதிரைகளும் உண்டு.

டிசம்பர் பள்ளி விடுமுறை என்பதால் தங்கும் குடில்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். பதிவு செய்துவிட்டார்களா என்று இப்போதே கேள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மருமகள்: கணவரின் ஆயாவுக்கு (பாட்டிக்கு) தமிழ் பேச வராது என்கிறார்கள். அவரோடு எப்படி ஒட்டுவது?

முதலில், அவரைத் தமிழில் சோதிக்காதே. ஊரிலிருந்து வரும் சிலர் "ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். 1860 நவம்பர் 16-இல் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்கு வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எளிதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆயா வீட்டில் காமாட்சி விளக்கு எரியும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். புரட்டாசியில் கறி தொடமாட்டார்.

அதனால் மெதுவான ஆங்கிலத்தில், அவர் கையால் செய்வதைப் பற்றிக் கேள். கூழ் எப்படிக் காய்ச்சுவார், ஊறுகாய்க்கு எந்த மாங்காய் என்று தொடங்கினால் மதியம் போய்விடும். முன்னோர் பெயர் கேள். கப்பல் பதிவேடுகளில் வந்தவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல், கூலி எண் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பல குடும்பங்கள் அந்த எண்ணை வைத்து ஊரைக் கண்டுபிடித்திருக்கின்றன. கிராமத்தின் பெயரைக் கண்டபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்து எந்த ஊர் என்று ஊகிக்க ஊரிலிருந்து வந்த உன்னால் முடியும். ஆயாவுக்கு நீ தரக்கூடிய நல்ல பரிசு அதுதான்.

சேலம், ஓர் அம்மா: சம்பந்தி வீட்டார் பிள்ளை என்று பெயர் போடுகிறார்கள். அவர்கள் எந்தப் பிரிவு என்று நாம் கேட்கலாமா?

வேண்டாம் அம்மா. பிள்ளை, முதலி, நாயுடு, கவுண்டர், படையாச்சி எல்லாம் இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர்கள், அவ்வளவே. சாதி பேசினால் நல்ல மனிதர்கள் சுருங்கிப் போவார்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: நாங்கள் சுத்த சைவம். அங்கே எந்நேரமும் பிராய் என்று கரியடுப்பில் இறைச்சி சுடுவார்களாமே?

சுடுவார்கள், ஆட்டுக்கறிக் குழம்பும் பெரிய தேக்சாவில் வேகும். ஆனால் விரதம் என்றால் இந்தக் குடும்பங்களுக்கு நன்றாகப் புரியும். முன்கூட்டியே சொல்லுங்கள், தனிக் கம்பிவலை ஒன்று வாங்கி வைப்பார்கள். சுட்ட மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பருப்பு, கீரை, பீன்ஸ் குழம்பு கிடைக்கும். பிரெட்டின் நடுவைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவைக் கட்டாயம் சாப்பிடுங்கள். டர்பன் இந்தியர்கள் உண்டாக்கியது அது.

பெரிய வெள்ளிக்கு வந்தால் உங்களுக்கு இன்னும் எளிது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் அன்றுதான் தீமிதி. நேர்ந்துகொண்ட வீடுகளில் அதற்கு முந்தைய நாட்களில் இறைச்சி கிடையாது. தீமிதி பார்த்துவிட்டு மறுநாள் ஏரிக்குப் போகலாம்.

திருநெல்வேலிக்காரர், ஜோகன்னஸ்பர்கில் வேலை: மனைவி பீட்டர்மாரிட்ஸ்பர்க் பெண். அவள் மாமாக்கள் அடுப்பைச் சுற்றி நின்று பீர் குடிப்பார்கள். நான் குடிப்பதில்லை. ஒதுங்கி நிற்கலாமா?

ஒதுங்காதீர்கள் தம்பி. கையில் ஜூஸோடு அடுப்புப் பக்கம் நில்லுங்கள், கறி புரட்டுங்கள். அங்கேதான் குடும்பக் கதை எல்லாம் பேசுவார்கள். கிரிக்கெட் தெரிந்தால் போதும். தூண்டில் போடும் மாமா ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரோடு ஒரு காலை உட்காருங்கள். மாலையில் வண்டி ஓட்ட நீங்கள் முன்வந்தால் அத்தைமார் மனதில் தனி இடம் கிடைக்கும். ஒன்று மட்டும்: ஆண்கள் கூட்டத்தில் நாள் முழுக்க மூழ்கி, மனைவியைச் சமையலோடு விட்டுவிடாதீர்கள். அவளுக்கும் அது விடுமுறைதானே.

சென்னையிலிருந்து ஒரு தாய்: குழந்தைகளைத் தண்ணீரில் விடலாமா?

மிட்மாரில் நீந்துவார்கள். 1974 முதல் பிப்ரவரி தோறும் மிட்மார் மைல் என்ற நீச்சல் போட்டி நடக்கிறது, ஆயிரக்கணக்கானோர் நீந்துவார்கள். ஆனாலும் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே ஆழம், படகுகளும் ஓடும். உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் விடாதீர்கள். முப்பது பேர் இருக்கும் இடத்தில் "யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்று எல்லோரும் நினைப்பதுதான் ஆபத்து. மணிக்கு ஒருவர் என்று முறை போட்டு, அவர் கையில் போன் இல்லாமல் உட்காரட்டும்.

கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் திடீரென்று வரும். முதல் இடி கேட்டதும் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும், மரத்தடியிலும் நிற்கக் கூடாது. தாழ்வான கடலோரப் பகுதியின் ஆறு குளங்களில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோயும் உண்டு. வேறு இடங்களில் இறங்கும் முன் உள்ளூராரைக் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: ஜூலையில் வருகிறோம், என்ன எடுத்து வர? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

ஜூலை இங்கே குளிர்காலம். பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி. கம்பளி, காலுறை, அம்மாவுக்கு வெந்நீர்ப் பை அவசியம். இங்கே சுவரில் இருப்பது நம் ஊர் பெரிய மூன்று முள் பவர் பிளக் மாதிரிதான்.

அம்மாவுக்கு ஹோவிக் அருவி ஏற்றது. வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே எட்டிப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே, 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைக் கைது செய்த இடத்தில் 50 இரும்புத் தூண்களை நட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் நின்று பார்த்தால் அவை அவர் முகமாகத் தெரியும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தையும் திரும்பும் வழியில் பார்த்துவிடுங்கள். 1893-இல் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டது அங்கேதான். மூன்றையும் ஒரே நாளில் திணிக்காமல், ஒரு நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மீதி நேரத்தை ஏரிக்கு விடுங்கள்.