விமானி அறையில் பேச்சுக்கும் தடையா?

கேள்வி: இறங்க வேண்டிய நகரத்தையே தாண்டிப் பறந்த பயணிகள் விமானம் ஒன்றைப் பற்றிப் படித்தேன். விமானிகள் இருவரும் லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவ்வளவு பயிற்சி பெற்றவர்களுக்கு இப்படியும் கவனம் சிதறுமா?

பதில்: தாங்கள் குறிப்பிடுவது 2009 அக்டோபர் 21 அன்று சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸுக்கு 144 பயணிகளுடன் புறப்பட்ட நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188ஆம் எண் விமானம். 37,000 அடி உயரத்தில், நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்த பணி அட்டவணை மென்பொருளைத் துணை விமானி கேப்டனுக்கு விளக்கத் தொடங்கினார். இருவரும் தத்தம் லேப்டாப்பைத் திறந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டாளர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அழைத்தும் பதில் இல்லை. விமானம் கடத்தப்பட்டதோ என்ற ஐயத்தில் போர் விமானங்கள்கூட ஆயத்தமாக வைக்கப்பட்டன. எப்போது தரையிறங்குவோம் என்று பணிப்பெண் ஒருவர் உள்தொலைபேசியில் கேட்ட பிறகுதான், மினியாபொலிஸைக் கடந்து 100 மைலுக்கும் மேல் வந்துவிட்டது அவர்களுக்குத் தெரிந்தது. இருவரின் உரிமங்களும் ரத்து செய்யப்பட்டன.

இதில் பயிற்சிக் குறைவு எங்கும் இல்லை. அந்தக் கேப்டன் ஏறத்தாழ 20,000 மணி நேரம் பறந்தவர். கையால் ஓட்டும்போது மனம் தானாகவே வேலையில் நிற்கும்; இயந்திரம் ஓட்ட, அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது அதைவிடக் கடினமான வேலை. எதுவும் நடக்காத நேரத்தில் விழிப்பாக இருக்கும்படி மனித மூளையைப் பழக்குவது எளிதன்று. தண்டனை தேவைதான், ஆனால் தண்டனையால் மட்டும் தீரக்கூடிய குறை இதுவன்று என்பது என் எண்ணம்.

கவனம் சிதறுவதற்கு ஒழுங்கீனம் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 1972 டிசம்பர் 29 இரவு மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401ஆம் எண் விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்தில் தானியங்கிக் கருவியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, அறையில் இருந்த அனைவருமே அந்த விளக்கின் பின்னால் போனார்கள். இடையில் யாரோ கட்டுப்பாட்டுத் தண்டில் தெரியாமல் மோதியதால் உயரத்தைக் காக்கும் இயக்கம் விலகியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. உயரம் குறைவதை உணர்த்தும் ஒலியும் எழுந்தது. யார் காதிலும் ஏறவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பழுதானவை விளக்கின் பல்புகள் மட்டுமே. அவர்கள் அரட்டை அடிக்கவில்லை, கடமையைத்தான் செய்தார்கள்; ஒரே கடமையை எல்லோரும் சேர்ந்து செய்ததுதான் பிழை.

கேள்வி: விமானிகள் தமக்குள் பேசிக்கொள்ளவே கூடாது என்று விதி இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: முழுப் பயணத்துக்கும் இல்லை. 1974 செப்டம்பரில், மூடுபனிக்கிடையே சார்லட் நகரில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்தின் விமானிகள் அரசியல் முதல் பழைய கார் விற்பனை வரை பேசிக்கொண்டே வந்து, ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதினார்கள். 70க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அத்தகைய விபத்துகளின் விளைவாக அமெரிக்காவில் 1981இல் வந்ததுதான் ‘ஸ்டெரைல் காக்பிட்’ விதி. விமானம் தரையில் நகரும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், சீராகப் பறக்கும் நேரம் தவிர 10,000 அடிக்குக் கீழே இருக்கும் எல்லா நேரத்திலும், பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத பேச்சோ வேலையோ கூடாது. பணிப்பெண்களும் அவசியமற்ற காரணத்துக்காக விமானிகளை அழைக்கலாகாது.

விதி இருந்தும் மீறல் நின்றுவிடவில்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே 50 உயிர்களைப் பறித்த கோல்கன் 3407ஆம் எண் விமானத்திலும், இறங்கும் கட்டத்தில் பணிக்குத் தொடர்பில்லாத உரையாடல் குரல் பதிவில் இருந்தது. விபத்துக்கு முதன்மைக் காரணம் வேகம் குறைந்தபோது கேப்டன் முன்னால் தள்ள வேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தது. ஆயினும் வேகம் குறைவதை முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டிய நான்கு கண்களும் வேறெங்கோ இருந்தன என்பதை மறுக்க முடியாது.

10,000 அடிக்கு மேலே பேச்சு அனுமதிக்கப்படுவது சலுகை அல்ல. நள்ளிரவில் மணிக்கணக்கில் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பவர் உறங்கிப்போவார். பேச்சு அங்கே விழிப்புக்கு உதவுகிறது.

கேள்வி: விமானி அறைக்குள் குடும்பத்தாரை அழைத்துச் செல்வது அவ்வளவு பெரிய குற்றமா?

பதில்: 1994 மார்ச் 23 அன்று மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் சென்ற ஏரோஃப்ளோட் 593ஆம் எண் விமானத்தில், விமானி தம் பிள்ளைகளை இருக்கையில் அமரவைத்தார். தானியங்கி இயக்கத்தில்தானே இருக்கிறது, சுக்கானைப் பிடித்தால் என்ன என்று நினைத்திருப்பார். பதினைந்து வயது மகன் அதை அரை நிமிடத்துக்கும் மேல் அழுத்திப் பிடிக்கவே, இறக்கைகளைச் சமன்படுத்தும் பகுதியைத் தானியங்கிக் கருவி விட்டுக்கொடுத்துவிட்டது. அதை அறிவித்தது ஒலியற்ற சிறு விளக்கு ஒன்றுதான். ஒலி எழுப்பும் ரஷ்ய விமானங்களுக்குப் பழகியவர்கள், ஐரோப்பியத் தயாரிப்பான அந்த விமானத்தில் அதைக் கவனிக்கவில்லை. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. குற்றம் பெரிதா என்பதற்கு இதற்கு மேல் நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

கேள்வி: விமானி தூங்கினால்?

பதில்: சில நாடுகள், மற்றவர் விழித்திருக்க ஒருவர் மட்டும் இருக்கையிலேயே சிறிது நேரம் கண்ணயர விதிப்படியே அனுமதிக்கின்றன, அமெரிக்கா அனுமதிப்பதில்லை. இருவரும் ஒருசேர உறங்குவதுதான் அபாயம். 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா சென்ற பாத்திக் ஏர் விமானத்தில், துணை விமானியின் ஒப்புதலோடு கேப்டன் ஓய்வெடுத்தார். பிறகு துணை விமானியும் அயர்ந்துவிட்டார். 28 நிமிடம் விமானத்தை யாரும் கவனிக்கவில்லை. துணை விமானியின் வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள் இருந்தன. அவரைக் குறை சொல்லுமுன், போதிய உறக்கமின்றி வந்தவர் “இன்று என்னால் முடியாது” என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினால் ஊதியமும் பதவி உயர்வும் பாதிக்கப்படாத நிலை நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கேள்வி: விமானி அறையில் கேமரா பொருத்திவிட்டால் இவை எல்லாம் அடங்கிவிடாதா?

பதில்: அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியம் 2000ஆம் ஆண்டிலிருந்தே படப்பதிவுக் கருவியைப் பரிந்துரைக்கிறது, விமானிகள் சங்கங்கள் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி எதிர்க்கின்றன. பதிவு விசாரணைக்கு மட்டுமே பயன்படும் என்ற சட்டப் பாதுகாப்பு உறுதியாக இருந்தால் நான் கேமராவின் பக்கமே நிற்பேன். முதல் கேள்வியில் வந்த 188ஆம் எண் விமானத்தின் குரல் பதிவுக் கருவியில் கடைசி 30 நிமிடங்கள் மட்டுமே தங்கியிருந்தன. தரையின் அழைப்புக்குப் பதில் வராத அந்த நேரத்தின் பதிவு மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. லேப்டாப் கதையையே அந்த விமானிகள் சொல்லித்தான் நாம் அறிந்தோம்.