ஈறு வீக்கம் திரும்பத் திரும்ப வருகிறதே?

கேள்வி: எங்கள் பூனைக்கு 5 வயது, எடை 4 கிலோ. ஈறு சிவந்து ரத்தம் கசிந்தது. டாக்டர் தந்த ஆன்டிபயாடிக்கில் குறைந்தது. நிறுத்தியதும் மறுபடி வந்துவிட்டது. ஏன்?

பதில்: பல்லில் படிந்த காரை அப்படியே இருக்கிறதே! அதை மூடிய கிருமிப் படலத்துக்குள் மருந்து முழுதாக எட்டாது. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே பார்த்து, ஈறுக்கு அடியிலும் சுரண்ட வேண்டும். கெட்டுப்போன பல்லைப் பிடுங்க வேண்டும். ஆன்டிபயாடிக் அதற்குத் துணை மட்டுமே. சீழ் இருந்தால் பெரும்பாலும் கிளிண்டமைசின் தருவார்கள்: கிலோவுக்கு 5.5 முதல் 11 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அளவை டாக்டரே முடிவு செய்யட்டும்.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை என்றால் கவனம். வெறுமனே விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கலாம். பிறகு குழாயே சுருங்கிவிடலாம். கொடுத்ததும் சிரிஞ்சில் 6 மி.லி. தண்ணீரை மெல்லப் புகட்டுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம்.