டாக்டர்கிட்ட கேளுங்க: 14ஆம் நாளை விடாம பிடிச்சும் ஏன் நிக்கல?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயசு. எட்டு மாசமா குழந்தைக்கு ட்ரை பண்றோம். பீரியட்ஸ் 35 நாளுக்கு ஒருமுறை கரெக்டா வந்துரும். 14ஆம் நாள்தான் முக்கியம்னு எல்லாரும் சொன்னதால 13, 14, 15 மூணு நாளையும் விடறதே இல்ல, ஆனாலும் மாசாமாசம் ஏமாற்றம்தான். எனக்குள்ள ஏதாவது கோளாறா? அவரை டெஸ்ட் எடுக்கச் சொன்னா எனக்கென்ன குறைன்னு கோவப்படறார்.

பதில்: கோளாறு முதல்ல கணக்குலதான் இருக்கும்மா. பீரியட்ஸ் வந்த முதல் நாளை 1னு வச்சு எண்ணற இந்த 14ங்கிறது, 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வர்றவங்களுக்குச் சொன்னது. முட்டை வெளியான பிறகு அடுத்த பீரியட்ஸ் வர பெரும்பாலும் 12, 14 நாள் ஆகும், இந்தப் பின்பாதி அவ்வளவா மாறாது, முன்பாதிதான் ஆளுக்கு ஆள் நீளும். அதனால பின்னாடியிருந்து எண்ணணும். 35ல 14 போனா 21, உங்களுக்கு முட்டை வர்றது கிட்டத்தட்ட அப்போதான். விந்தணு உள்ள போய் அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், முட்டையோ 12லருந்து 24 மணி நேரம்தான். ஆக உங்க நாட்கள் 16லருந்து 21, சரியா நீங்க நிறுத்தின மறுநாள் ஆரம்பிக்குது! உடம்பு மெஷின் இல்லையே, ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகலாம்னு வச்சு 15லருந்து 23 வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தா போதும், தேதி பார்த்து டென்ஷன் ஆக வேண்டியதில்ல. வெள்ளைப்படுதலையும் கவனிங்க, கோழி முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு விரலுக்கு நடுவுல இழுபட்டா நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம். முட்டை வர்ற நேரத்தை யூரின்ல பார்க்கற ஓவுலேஷன் கிட் பாசிட்டிவ் காட்டினா அடுத்த ஒண்ணு ஒன்றரை நாள்ல முட்டை வந்துரும், ஆனா பிசிஓஎஸ்ங்கிற ஹார்மோன் கோளாறு இருந்தா கிட் ஏமாத்தும். முட்டை வந்ததைக் கண்டுபிடிக்க தினமும் காலைல உடம்பு டெம்பரேச்சர் பார்க்கறதுல ஒரு சிக்கல், அது ஏறும்போது முட்டை ஏற்கனவே வந்து முடிஞ்சிருக்கும்.

உங்க வயசுக்கு ஒரு வருஷம் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகலாம், 35 தாண்டினவங்கன்னா ஆறு மாசத்துலயே போயிடணும், பீரியட்ஸ் தாறுமாறா வந்தாலோ தாங்க முடியாத வலி இருந்தாலோ அதுவரைக்கும்கூட காத்திருக்க வேணாம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரை இப்போவே ஆரம்பிங்க, கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பிச்சா லேட்.

உங்க வீட்டுக்காரர் இதைப் படிக்கட்டும்: சார், இருக்கறதுலயே சுலபமான டெஸ்ட் உங்களோடதுதான். ஊசி இல்ல, வலி இல்ல, ரெண்டுலருந்து ஏழு நாள் உறவு இல்லாம இருந்துட்டு ஒரு சாம்பிள், அவ்வளவுதான். அவங்களுக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் அடைப்பு பார்க்கற ட்யூப் டெஸ்ட்னு எல்லாத்தையும் முடிச்சுட்டு கடைசியா ஆம்பளையைக் கூப்பிடறது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒரு ரிப்போர்ட்ல எண்ணிக்கை கம்மியா வந்தா பதறவும் வேணாம், விந்தணு உருவாக ரெண்டரை மாசம்போல ஆகும், முன்னாடி வந்த ஜுரம்கூட அதுல தெரியும், அதனால கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை பார்க்கணும்.

கேள்வி: ஜிம்ல சொன்னாங்கன்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுட்டு வர்றேன். ஆண் ஹார்மோன்தானே, குழந்தைக்கு நல்லதுதானே டாக்டர்?

பதில்: நேர் எதிர் தம்பி. ஹார்மோன் வெளியிலருந்து வந்தா மூளை போதும்னு நினைச்சு விதைப்பைக்குக் குடுக்கற உத்தரவை நிறுத்திரும், சிலருக்கு விந்தணு பூஜ்யத்துக்கே வந்துருது. பெரும்பாலும் திரும்பி வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு வருஷத்துக்கு மேலயும் இழுக்கும். உடனே டாக்டரைப் பாருங்க, ஊசி போட்டதை மறைக்காம சொல்லுங்க.

கேள்வி: உறவுக்கப்புறம் காலைத் தூக்கி வச்சு அரை மணி நேரம் படுக்கணுமா?

பதில்: வேணாம்மா. போக வேண்டியது சில நிமிஷத்துலயே உள்ள போயிடும், வெளிய வழியறதைப் பார்த்து பயப்படாதீங்க. அதைவிட, லூப்ரிகன்ட் ஜெல் யூஸ் பண்றீங்களான்னு பாருங்க, பல ஜெல் விந்தணுவோட ஓட்டத்தைக் குறைக்கும்.