கேக் புத்தகம்: யார் சொல்வதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: வீட்டில் பட்டர் கேக், ரிப்பன் கேக் அடித்துத் தெரிந்தவர்களுக்கு ஓடருக்குக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பேக்கிங் புத்தகத்தில் கண் விழுந்துவிட்டது. தபால் செலவோடு பார்த்தால் ஒரு கிழமை பட்டருக்கும் முட்டைக்கும் போகிற காசு. வாங்கியவர்கள் இணையத்தில் எழுதியதை வாசித்தால் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், மீதிப் பேர் கேக் காய்ந்து போனது, உப்புக் கரிக்கிறது, இனிப்பு திகட்டுகிறது என்கிறார்கள். யாரை நம்புவது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: முதலில், பாராட்டியவர்களில் யார் உண்மையிலேயே பேக்கிங் அவனைப் பற்ற வைத்தார்கள் என்று பாருங்கள். "படங்கள் கொள்ளை அழகு, தங்கச்சியின் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்" என்பதெல்லாம் புத்தகத்தின் அட்டைக்குக் கிடைத்த நட்சத்திரம். புத்தகம் வந்த அதே கிழமையில் குவிந்த பாராட்டுகளையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், வெளியீட்டுக்கு முன்பே இலவசப் பிரதி அனுப்பிக் கருத்து எழுதச் சொல்வது பதிப்பகங்களின் வழக்கம். எனக்குப் பிடித்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டவர்கள். எந்தப் பக்கத்துக் கேக், எந்த அளவுத் தட்டு, எத்தனை நிமிடம், நடுவில் எப்படி இறங்கியது என்று பொலிசில் முறைப்பாடு கொடுப்பது மாதிரி எழுதியிருப்பார்கள். அவர்களிடம்தான் விஷயம் இருக்கும்.

ஆனால் அந்த முறைப்பாடு புத்தகத்தின் மேல் போக வேண்டியதா, எழுதியவரின் கப்பின் மேல் போக வேண்டியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ந்து போன கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புத்தகங்கள் பலவற்றில் ஒரு கப் மா என்றால் ஏறக்குறைய 120 கிராம், அதாவது கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்ட கப். நம் வீடுகளில் நடப்பது வேறு. கப்பை நேராக மா டின்னுக்குள் விட்டு, டின்னின் பக்கத்தில் அழுத்தி அள்ளி, போதாததற்கு மேசையில் ஒரு தட்டும் தட்டுவோம். அது 150 கிராமுக்கு வந்து நிற்கும். மூன்று கப் கேக்கில் 90 கிராம் மா கூடுதல், முக்கால் கப்! அப்புறம் எந்தக் கேக் காயாது? ஆகவே "காய்ந்தது" என்று எழுதியவர் தராசில் நிறுத்தாரா, கப்பால் அளந்தாரா என்று தேடுங்கள். கிராமில் நிறுத்தவர்களும் அதையே சொன்னால் மட்டும் புத்தகத்தைச் சந்தேகப்படலாம்.

உப்பு இன்னும் சுவாரசியம். அமெரிக்கச் சமையல்காரர்கள் பலர் கோஷர் உப்பு என்ற பெரிய செதில் உப்பைத்தான் பாவிப்பார்கள். அதில் மிக இலேசான வகை ஒரு தேக்கரண்டிக்கு மூன்று கிராம்கூட வராது, நம் வீட்டுத் தூள் உப்பு அதே கரண்டியில் ஆறு கிராம் வரும். அதற்கு மேல், அந்தப் புத்தகங்கள் உப்பில்லாத பட்டரை நம்பி எழுதப்பட்டவை. நீங்கள் பக்கத்துக் கடையில் வாங்குவது பெரும்பாலும் உப்புப் பட்டராக இருக்கும், அதில் நூறு கிராமுக்கு ஒன்றரை, இரண்டு கிராம் உப்பு ஏற்கெனவே கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் கரிக்காமல் என்ன செய்யும்? உப்பில்லாத பட்டர் கிடைத்தால் தூள் உப்பைப் பாதியாக்குங்கள், உப்புப் பட்டர்தான் என்றால் தனியாக உப்பே போடாமல் ஒரு முறை செய்து பாருங்கள். எந்த உப்பு என்று முன்பக்கங்களில் சொல்லாத புத்தகம் என்றால் அது புத்தகத்தின் குறைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனிப்பு விஷயத்தில் குறை சொல்கிறவர்கள் பக்கம்தான் நான். பட்டர், சீனி, மா மூன்றும் சம எடை போடுவது நமக்குப் பழகின கணக்கு, அங்கே பல கேக்குகளில் சீனியின் எடை மாவின் எடையையே தாண்டிவிடும், அதற்கு மேல் ஐசிங் வேறு. ஐந்தில் ஒரு பங்கு சீனியைக் குறைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்கும் கீழே போனால் நிறம் பிடிக்காது, கேக்கும் வறண்டு போகும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே சீனிதான்.

எந்தக் கருத்திலும் வராத சங்கதி ஒன்று இருக்கிறது, அது கொழும்பு. "அறை வெப்பத்தில் உள்ள பட்டர்" என்று அமெரிக்க ஆசிரியர்கள் எழுதும்போது மனதில் இருப்பது இருபது பாகை செல்சியஸ் மாதிரி. பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் குசினியில் முப்பது இருக்கும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டிய பட்டரில் விரல் அடி வரை போய் எண்ணெயாக மினுங்கும். அந்தப் பட்டர் சீனியோடு எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்றைப் பிடிக்காது, கேக் அடர்த்தியாகத்தான் வரும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்து வெட்டி, கொஞ்ச நேரத்திலேயே அடிக்கத் தொடங்குங்கள். முட்டையின் அளவும் அங்கும் இங்கும் வேறு, அமெரிக்க "லார்ஜ்" முட்டை ஓடு நீக்கி ஏறக்குறைய 50 கிராம். நம் கடை முட்டை ஒன்று பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் இருக்கும், நான்கு முட்டை என்றால் உடைத்து 200 கிராம் நிறுத்துவிடுங்கள், தீர்ந்தது. தட்டையும் பாருங்கள். 18க்கு 13 அங்குலத் தட்டில் செய்யச் சொல்லும் செய்முறைகள் நிறைய இருந்தால், மேசையில் வைக்கும் சின்ன அவனுக்குள் அந்தத் தட்டு நுழையவே நுழையாது. அவனில் விசிறி ஓடினால் 350 பாகை ஃபாரன்ஹைட் என்று போட்டிருப்பதை 180க்குப் பதிலாக 160 செல்சியஸில் வையுங்கள்.

குறிப்பிட்ட ஒரு செய்முறையில் அளவு பிழை என்று பலர் ஒரே குரலில் சொன்னால், அது முதல் அச்சில் இருந்து பிறகு திருத்தப்பட்டதாக இருக்கலாம். பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் பல புத்தகங்களில் 10 9 8 7 என்று ஒரு இலக்க வரிசை இருக்கும், அதில் ஆகச் சின்ன இலக்கம்தான் எத்தனையாவது அச்சு என்பது. திருத்தங்களைப் பதிப்பகமே சில நேரம் தன் தளத்தில் போட்டிருக்கும்.

சரி, வாங்கலாமா? கிராம் அளவு இருந்தால் வாங்கலாம். வெறும் கப் கணக்கு மட்டும் என்றால் நான் தொட மாட்டேன், அதுவும் ஓடர் எடுக்கிற உங்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டிய கேக்குக்கு, சரிப்படாது. டிஜிட்டல் தராசு இல்லையென்றால் புத்தகத்தை விட்டுவிட்டு முதலில் அதை வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன் அந்த ஆசிரியர் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் ஒரு கேக்கை உங்கள் அவனில் செய்து பாருங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது பக்கங்களைக் கையால் புரட்டிப் பார்க்கலாம். அதுவரை பொறுக்க முடிந்தால் நல்லது.

கேள்வி: மெல்பனில் இருக்கும் மாமி ஒரு கேக் புத்தகம் அனுப்பினார். கப்பும் கரண்டியும் என்னிடம் இருக்கிறதே, அதையே பாவிக்கலாம்தானே? (தெஹிவளை)

பதில்: கப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். 250 மில்லிலீற்றர் என்று இருந்தால் ஆஸ்திரேலியப் புத்தகத்துக்குச் சரி (அமெரிக்கக் கப் 237 அளவில் நிற்கும்). மேசைக்கரண்டியில்தான் மாட்டுவீர்கள். அங்கே அது 20 மில்லிலீற்றர், மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. உங்களுடையது 15 என்றால் ஒவ்வொரு மேசைக்கரண்டிக்கும் ஒரு தேக்கரண்டி கூடுதலாகப் போடுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய சமையல் புத்தகத்தில் நடுவில் பதினாறு பக்கம் இல்லை, வேறு பதினாறு பக்கம் இரண்டு தரம் தைத்திருக்கிறது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று பில்லில் அடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். (கொட்டாஞ்சேனை)

பதில்: மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது ஒரு கதை. பக்கம் இல்லாத புத்தகம் குறைபாடுள்ள பொருள், அது வேறு கதை. பில்லோடும், அந்தப் பக்கங்களின் படத்தோடும் போய் மாற்றுப் பிரதி கேளுங்கள், முதலாளியிடமே கேளுங்கள், காசாளரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மசியவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே "நத்தார் முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். பில்லை இன்றைக்கே போனில் படமெடுத்து வையுங்கள், அந்தக் கடைப் பில்களின் மை கொஞ்ச நாளில் மங்கிவிடும்.