டிப்ளோமா முடிந்தது, முழு அங்கீகாரம் வரவில்லை: கல்லூரியிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: என் மகள் 2019 ஜனவரியில் ஒரு தனியார் கல்லூரியில் சமையற்கலை டிப்ளோமாவில் சேர்ந்தாள். கொஞ்சம் பிடிபிடிஎன் (மலேசிய அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடன், மீதி என் தொழிற்சாலைச் சம்பளத்தில் கட்டினோம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து எல்லாமே இணையவழி வகுப்புதான். அடுப்பு முன்னால் நின்று படிக்க வேண்டியதை வீடியோவில் பார்த்தாள். ஆனாலும் ஒவ்வொரு பருவத்துக்கும் 900 வெள்ளி (ரிங்கிட்) சமையற்கூடக் கட்டணம் வாங்கினார்கள். ஹோட்டலில் செய்ய வேண்டிய தொழிற்பயிற்சிக்குப் பதிலாக ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள். 2021 ஜூனில் முடித்துவிட்டாள். இப்போது மேற்படிப்புக்குப் போனால், "முழு அங்கீகாரம் உள்ளதா?" என்று கேட்கிறார்கள். கல்லூரியோ, "கோவிட் காரணமாக அதிகாரிகள் வரவில்லை, காத்திருங்கள்" என்கிறது. கடைசிப் பருவப் பாக்கி 2,400 வெள்ளியைக் கட்டினால்தான் மதிப்பெண் பட்டியல் தருவார்களாம். என் மகளின் படிப்பு செல்லுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
— ஒரு தாய், சுங்கை பட்டாணி

பதில்: அன்புள்ள அம்மா, உங்களுக்குப் பணத்தைப் பற்றிய கோபம் அதிகம் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரத்தைத்தான். 900 வெள்ளி போனால் பிறகு கேட்டு வாங்கலாம். அங்கீகாரம் சரியாக அமையாவிட்டால் இரண்டரை வருடப் படிப்பே கேள்விக்குறியாகிவிடும்.

நம் நாட்டில் உயர்கல்வியின் தரத்தைக் கண்காணிப்பது எம்கியூஏ என்கிற மலேசியத் தகுதி முகமை. 2007ஆம் ஆண்டின் 679ஆவது சட்டத்தின் கீழ் அமைந்தது. ஒரு கல்லூரி புதுப் படிப்பைத் தொடங்க முதலில் தற்காலிக அங்கீகாரம் வாங்கும். பாடத்திட்டம், ஆசிரியர்கள், வசதிகள் எல்லாம் குறைந்தபட்சத் தேவைக்கு இருக்கின்றனவா என்று பார்த்துத் தருவது அது. முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டுக்கு வரும்போது கல்லூரியே முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம்கியூஏ தானாகத் தேடி வந்து கொடுக்காது. ஆகவே தற்காலிக அங்கீகாரத்தோடு நடந்த படிப்பு போலிப் படிப்பு அல்ல; பயப்படாதீர்கள். ஆனால் அரசு வேலைக்கும் பல மேற்படிப்புகளுக்கும் முழு அங்கீகாரத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். எம்கியூஏ இணையத்தளத்தில் முழு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மலேசியத் தகுதிப் பதிவேடும், தற்காலிக அங்கீகாரம் பெற்றவற்றுக்குத் தனிப் பட்டியலும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கல்லூரியின் பெயரையும் படிப்பின் முழுப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். குறிப்பு எண்ணில் 'பிஏ' என்றிருந்தால் தற்காலிகம், 'எஃப்ஏ' என்றிருந்தால் முழு அங்கீகாரம். பெயர் எழுத்துக்கு எழுத்து சேர்க்கைக் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எந்த வளாகத்துக்கு அங்கீகாரம் என்பதையும் பாருங்கள். அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள்.

"கோவிட் காரணமாக அதிகாரிகள் வரவில்லை" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். தொற்றுக் காலத்தில் தர மதிப்பீட்டுக் குழுக்கள் நேரில் போக முடியாமல் போனது உண்மைதான். தென்கிழக்கு ஆசியா முழுவதும் இதே நிலைதான்.  ஆனால் நம் எம்கியூஏ இணையவழி மதிப்பீட்டுக்கு மாறியது. நேரில் வராவிட்டாலும் ஆவணங்களைப் பார்க்கலாம், காணொளியில் பேசலாம், வசதிகளைக் காட்டச் சொல்லலாம். எனவே நீங்கள் கேட்க வேண்டியது "எப்போது வருவார்கள்?" என்பதல்ல, "நீங்கள் எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள்?" என்பதுதான். உங்கள் மகளுக்கு முன்பே ஓர் அணி படித்து முடித்திருந்தால், அந்த விண்ணப்பம் எப்போதோ போயிருக்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால், அதே கேள்வியை எம்கியூஏவுக்கும் உயர்கல்வி அமைச்சின் உயர்கல்வித் துறைக்கும் உங்கள் மகள் பெயரில் அனுப்புங்கள். முழு அங்கீகாரம் பின்னால் கிடைத்தாலும், அது எந்தத் தேதியிலிருந்து செல்லும், உங்கள் மகளின் அணியும் அதற்குள் வருமா என்பதை மறக்காமல் கேளுங்கள். இதைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பின்னால் அவதிப்படும் பெற்றோர்கள் இருக்கிறார்கள்.

சரி, இனி பணத்துக்கு வருவோம்.

இணையவழி வகுப்பு நடத்தியதாலேயே கல்லூரி ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று வாதாடினால் நிற்காது. 2020 மார்ச் 18 முதல் வளாகத்தைத் திறக்கவே சட்டம் விடவில்லை. வழக்கமான படிப்புகளை இணையத்துக்கு மாற்ற எம்கியூஏவும் சலுகை கொடுத்தது. ஆனால் அந்தச் சலுகை கற்பிக்கும் முறைக்குத்தான், தரத்துக்கு அல்ல. மாணவர் எதைக் கற்று முடிக்க வேண்டும் என்று அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டம் சொல்கிறதோ, அதை வேறு வழியிலாவது கற்பித்து மதிப்பிட வேண்டும். நம் கணக்கில் ஒரு கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) என்பது மாணவர் 40 மணி நேரம் கற்பது. கணக்கியல் பாடத்தின் 40 மணி நேரத்தை வீட்டிலிருந்து நிரப்பிவிடலாம். கத்தி பிடிக்கவும் மாவு பதம் பார்க்கவும் சூடான எண்ணெய் முன்னால் வேகமாக வேலை செய்யவும் வீடியோ பார்த்து மட்டும் எப்படிப் பழகுவது? வளாகம் திறந்தபின் மாற்று வகுப்பு வைத்தார்களா? வீட்டிலேயே சமைக்கப் பொருள்கள் அனுப்பினார்களா? செய்ததை ஆசிரியர் பார்த்து மதிப்பெண் போட்டாரா? எதுவும் இல்லையென்றால் உங்கள் வழக்கின் பலமே அதுதான்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைத் தர வேண்டும். சேர்க்கைக் கடிதத்தின் பின்பக்கத்தில், "கற்பிக்கும் முறையை முன்னறிவிப்பின்றி மாற்றக் கல்லூரிக்கு உரிமை உண்டு" என்று பொடி எழுத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டி மிரட்டினால் அஞ்ச வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாததாக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. முறையை மாற்றும் உரிமை, பயிற்சியையே விட்டுவிடும் உரிமை ஆகாது.

கோவிட் சட்டத்தையும் சிலர் இழுப்பார்கள். 2020ஆம் ஆண்டின் 829ஆவது சட்டம் கட்டுமானம், கடை வாடகை, நிகழ்ச்சி ஏற்பாடு, சுற்றுலா போன்ற சில வகை ஒப்பந்தங்களுக்குத்தான், அதுவும் நோய்த்தடுப்பு நடவடிக்கைகளால் நிறைவேற்ற முடியாமல் போன கடமைகளுக்குத்தான் பாதுகாப்புத் தந்தது. கல்விக் கட்டண ஒப்பந்தம் அந்தப் பட்டியலில் இல்லை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்டால் கிடைக்காது. பாடம் நடந்திருக்கிறது, தேர்வு நடந்திருக்கிறது. ஆனால் சமையற்கூடத்தில் கால் வைக்காத பருவங்களுக்கு வாங்கிய 900 வெள்ளி, கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணம். அதை உறுதியாகக் கேளுங்கள். தொழிற்பயிற்சிக்கென்று தனிக் கட்டணம் ரசீதில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் பட்டியலை நிறுத்தி வைப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். ஆனால் பாக்கி இருந்தால் தர மாட்டோம் என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். 2,400 வெள்ளியில் சமையற்கூடக் கட்டணம் போக மீதியை உடனே கட்டி, "தகராறில் உள்ள தொகை தவிர மற்றதைச் செலுத்திவிட்டோம், பட்டியலைத் தாருங்கள்" என்று எழுதுங்கள். மறுத்து, மேற்படிப்பு விண்ணப்பத்துக்கான நாளும் நெருங்கினால், முழுவதையும் கட்டிவிடுங்கள். ஆனால் "ஆட்சேபத்தோடும், திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமலும் செலுத்துகிறோம்" என்று அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வீம்புக்காக அவளுடைய ஒரு வருடம் போக வேண்டாம்.

கடிதம் போட்டு 14 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் போங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். பொதுவாக இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. கல்லூரி பெரிய வக்கீலோடு வந்து நிற்குமோ என்ற பயம் வேண்டாம். உரிமை எழுந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் பதிய வேண்டும். மகளுக்கு 18 வயது தாண்டிவிட்டதால் கோரிக்கை அவள் பெயரில் போகட்டும். ரசீதுகள் உங்கள் பெயரில் இருந்தால், அவளுக்காகக் கட்டியதாக ஒரு கடிதம் எழுதிச் சேருங்கள். அப்புறம், சாட்சியம். வகுப்பு அட்டவணை, பதிவு செய்த வகுப்புகளின் தேதிகள், கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்புகள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். படித்து முடித்தவர்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள், மாணவர் கணக்கையும் மூடிவிடுவார்கள்.

சேர்ந்தபோது தந்த விளம்பரத் தாளில் "முழு அங்கீகாரம் பெற்றது" என்று அச்சிட்டிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அது பொய்யான தகவல்; பயனீட்டாளர் சட்டத்தின் 10ஆவது பிரிவு அதைக் குற்றமாகவே பார்க்கிறது. முழு அங்கீகாரம் மறுக்கப்பட்டுவிட்டால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு இழப்பீட்டுக்குச் சிவில் நீதிமன்றம் போகலாம். மேற்கு மலேசியாவில் ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக 6 வருட அவகாசம் உண்டு. ஒரே கோரிக்கையைத் தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. அந்தக் கட்டம் வந்தால் ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அதுவரை பிடிபிடிஎன் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். அது கல்லூரியோடு செய்த ஒப்பந்தம் அல்ல, கல்லூரியோடு உள்ள தகராறு அந்தக் கடனைக் குறைக்காது.